முல்லைப் பெரியாறு: செய்தியாளர் யார் பக்கம்?

புது தில்லி: பீர்மேடு வட்டத்தில் உள்ள முல்லைப் பெரியாறு அணை குறித்து வண்டிப்பெரியாறில் இருந்து வரும் செய்தியும், கம்பத்தில் இருந்து வரும் செய்தியும் ஒத்துப்போவது அரிது.

2011-ல் இடுக்கியில் நில அதிர்வுகள் உணரப்பட்டபோது, அணை உடைந்துவிடும் என்ற பீதியே கேரளத்தில் செய்தியாயிற்று. அணைக்குக் கீழே குடியிருப்பவரின் பயம் பொய்யல்ல. ஆனால், அணை பலவீனமானது என்பதற்கு அது சான்றாகாது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழு, அணை பாதுகாப்பாக இருப்பதாக 2012-ல் அறிக்கை அளித்தது. 2014 மே 7-ல் 142 அடி வரை நீர் தேக்க நீதிமன்றம் அனுமதித்தது. இவற்றைத் தம் வாசகருக்கு மறைக்காமல் சொன்னாரா என்பதே பீர்மேட்டுச் செய்தியாளரின் நம்பகத்தன்மைக்கு உரைகல்.

தமிழகச் செய்தியாளருக்கும் சோதனை உண்டு. 2021 டிசம்பரில் இரவு நேரத்தில் மதகுகள் திறக்கப்பட்டு, வண்டிப்பெரியாறில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்பகுதித் தோட்டத் தொழிலாளர்களில் தமிழர்களும் ஏராளம். அதை அவர் எத்தனை வரிகளில் எழுதினார்?