புற்றரையும் மன்றும்

கோல்ப் என்பது செல்வரின் ஆட்டம் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டளவில் அவ்வெண்ணம் பொய்யன்று. ஆயின், அவ்வாட்டம் வளர்ந்த இடத்தை நோக்கின் வேறொரு செய்தி புலனாகும்.

ஸ்கொத்லாந்தின் கடலோரப் புற்றரைகளில் வளர்ந்த ஆட்டம் அது. விற்பயிற்சிக்கு இடையூறாகின்றதெனக் கருதி 1457ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் அதனைத் தடைசெய்தது. சிலரே ஆடும் ஆட்டத்துக்கு அரசு அஞ்சுமா? சென்ற் அன்றூஸ் நகரத்துப் புற்றரையில் ஆடுதற்கு நகர மாந்தர்க்குள்ள உரிமையை 1552ஆம் ஆண்டுப் பட்டயமொன்று உறுதிசெய்தது. இன்றும் அங்குள்ள பழைய ஆடுகளத்தில், பெரும் போட்டிக் காலங்கள் நீங்கலாக, ஞாயிறன்று ஆட்டம் இல்லை; அன்று பொதுமக்கள் அங்கே உலாவுகின்றனர்.

இலங்கையில் நடந்தது யாது? தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் கொழும்புக் காலிமுகத்திடலைப் பெண்டிர்க்கும் பிள்ளைகட்குமென 1859இல் அமைத்தார். 1879இல் தோன்றிய கொழும்புக் கோல்ப் கழகத்தார் முதலில் ஆடியதும் அத்திடலிலேயே. 1896இல் அவர்கள் தமக்கெனத் தனிக்களம் பெற்றுப் பெயர்ந்தனர். அதற்கு முன்னரே, 1889இல், நுவரெலியாவிலும் ஒரு கழகம் எழுந்தது. அந்நகரின் நடுவே, மரச்செறிவுகளுக்கிடையே, பதினெட்டுக் குழிகளோடு விரிந்து கிடக்கும் அப்பசும்பரப்பு கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. ஆயின், சூழவுள்ள மலைச்சரிவுகளிற் கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளுக்கு அது கண்ணுக்கு மட்டுமே விருந்து. லயங்களின் முன்னே அவர்கள் ஓடியாட எத்துணைச் சமதரை உண்டு?

ஆட்டத்தை ஒழிக்க வேண்டுமென்பது எம் கருத்தன்று. புல்லைப் பேணப் பொருள் வேண்டும். பறந்துவரும் பந்தினால் ஊறு நேரும் என்பர். இரண்டும் மெய்யே. அதனாலன்றோ ஆட்டமில்லா நாளொன்றைக் கேட்கின்றோம்! அவ்வாட்டத்தின் தாயகத்தார் செய்வதை இங்குள்ளார் செய்தலில் இழுக்கு யாது? கிழமைக்கு ஒருநாள் அக்களங்கள் பள்ளிச் சிறார்க்குத் திறக்கப்படுக.

பிறரை நோக்கி நீட்டிய விரலை நம்பாலும் திருப்புதல் வேண்டும். மன்று என்னும் சொற்கு ஊர்ப்பொதுவிடம் என்றும், ஆநிரை நிற்குமிடம் என்றும் பொருளுண்டு. ஆவும் மாந்தரும் பொதுவிற் கூடிய நிலத்தையே முன்னோர் மதித்தனர் என்பதற்கு அச்சொல்லே சான்று. முல்லையின் பெயர் தாங்கிய எம் மாவட்டத்திலோ, மாடு வளர்ப்போர் மேய்ச்சற்றரை வேண்டி முறையிடுகின்றனர். வெற்றுநிலம் கண்டவிடத்து வேலியிடும் வேட்கை செல்வர்க்கே உரியதன்று. நம்மிடமும் அது உண்டு.

நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலன்று கண்ணகை அம்மனை வழிபடத் திரள்வோரை நோக்குக. வெளியெங்கும் மக்கள், எவரும் எவரையும் யாரென வினவுவதில்லை. வெளி என்பது அவ்வாறு அனைவர்க்கும் இடந்தருவது. ஒருநாட் காணும் அப்பொதுமையை ஆண்டு முழுதும் காத்தல் நம் கடன்.