பக்கவிளைவு என்னும் பொய்ச்சொல்

தமிழாசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு சொல் பொய்யுரைக்கும்போது அவனுக்கு அங்கே வேலை இருக்கிறது. 'பக்கவிளைவு' அப்படியொரு சொல். காமாலையோடும் உரிந்த தோலோடும் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவருக்கு அது பக்கத்தில் நிகழ்வதன்று. வாழ்வின் நடுவில் நிகழ்வது.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எச்.ஐ.வி. கூட்டுமருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையும் தொடக்க மையங்களுள் ஒன்று. அம்மருந்துகளால் உயிர் மீண்டோர் ஏராளம். அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் கொடுத்தவை எவை? ஸ்டாவுடின் நரம்புகளைச் சிதைத்துப் பாதங்களை எரியவைக்கும். கன்னத்துக் கொழுப்பை வற்றச்செய்யும். சிலருக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைப் பெருக்கி உயிரையே பறிக்கும். நெவிரபின் முதல் சில வாரங்களில் சிலரது கல்லீரலைத் தாக்கும், தோலை உரித்துவிடும். மாற்றாக வந்த ஜிடோவுடினோ, சிலருக்கு இரத்தம் ஏற்றும் அளவுக்குச் சோகையைத் தரும்.

இவை அறியாது நேர்ந்தவை அல்ல. செல்வ நாடுகள் ஸ்டாவுடினிலிருந்து முன்பே விலகத் தொடங்கிவிட்டன. படிப்படியாகக் கைவிடுக என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல்தான் ஏழை நாடுகளுக்குச் சொன்னது. அதுவரை நமக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: மலிவு. மாத்திரையின் விலை மலிவுதான். கட்டிலில் கழிந்த நாள்களும், போன கூலியும், உடனிருந்து பார்த்த மனைவி இழந்த கூலியும் எந்தக் கணக்கேட்டில் ஏறின?

"இதையெல்லாம் பேசினால் நோயாளிகள் மருந்தை நிறுத்திவிடுவார்கள்" என்பது அறிஞர்களின் அச்சம். வீண் அச்சமன்று. தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ உம்பெக்கி 1999-இல் ஜிடோவுடினின் நச்சுத்தன்மையைக் காரணம் காட்டினார். அங்கே மருந்து வழங்கல் தாமதமாயிற்று. அத்தாமதம் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டதென 2008-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 'முற்றிலும் குணமாக்குகிறோம்' என்று சுவரொட்டி ஒட்டும் நம்மூர்ப் போலி வைத்தியர்களும் இதே அச்சத்தைத்தான் விற்கிறார்கள். மருந்தைத் தாமாக நிறுத்துவது மரணத்தை அழைப்பது, ஐயமில்லை.

ஆனால் பொய்யர்களுக்கு மருந்து மௌனமா? நாம் சொல்லாமல் விட்ட இடத்தில்தானே அவர்கள் கடை விரிக்கிறார்கள்! தடிப்போ காமாலையோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே வருக, மருந்தை மாற்றித் தர வழியுண்டு என்று முதல் நாளே சொல்லப்பட்டவர், அஞ்சி ஓடமாட்டார், மருத்துவரிடம்தான் ஓடிவருவார்.

இன்று டொலுடெகிராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை வந்திருக்கிறது. பழைய கொடுமைகள் பெரிதும் குறைந்துள்ளன. மகிழ்ச்சி. எனினும் எந்த மருந்தும் உடலோடு உடன்படிக்கை எழுதிக்கொண்டு வருவதில்லை. மருந்தால் கட்டிலுக்கு வந்த ஒவ்வொருவரையும் அப்படியே பதிவு செய்யுங்கள். காரணத்தை அவரிடமே சொல்லுங்கள். இலவசமாகப் பெறுகிறவர் என்பதற்காக, உண்மையை அறியும் உரிமையை அவர் விற்றுவிடவில்லை.