மக்கள் மாளிகையில் மன்னன் முகம்

மொஸ்கோ நகரின் நிலக்கீழ் ரயில் வரைபடத்தில் மண்ணிற வட்டம் ஒன்று உண்டு. நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் வட்டப் பாதை அது. அது பிறந்த வரலாறாக மொஸ்கோவாசிகள் ஒரு கதை சொல்வர். பொறியியலாளர் விரித்துவைத்த படத்தின் மீது ஸ்டாலின் தமது கோப்பிக் கோப்பையை வைத்தாராம். கோப்பையின் அடி பதித்த கறைவட்டத்தைக் கண்ட பொறியியலாளர், தலைவரின் கட்டளை அதுவே எனக் கொண்டு, கறையின் வழியே சுரங்கம் தோண்டினராம்.

கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆயினும் நகைத்துவிட்டு அப்பாற் செல்ல எம்மால் இயலவில்லை. உண்மை வேறு. 1935 மே 15 இல் முதற்பாதை திறக்கப்பட்ட பின்னர் அமைந்த பாதைகள் யாவும் நகரின் மையத்திலேயே சந்தித்தன; ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்ல வேண்டியோர் அனைவரும் அங்கே நெருக்குண்டனர். அந்நெருக்கடியைத் தணிக்கவும், வெளியூர்ப் புகையிரதங்கள் வந்து நிற்கும் ஏழு பெருநிலையங்களை ஒன்றோடொன்று இணைக்கவுமே 1950 க்கும் 1954 க்கும் இடையிற் பன்னிரண்டு நிலையங்களுடன் வட்டப் பாதை கட்டி முடிக்கப்பட்டது. கதையோ, கணக்கிட்டவனின் மூளையையும் தோண்டியவனின் முதுகையும் ஒரே வீச்சில் மறைத்துவிட்டு, தலைவனின் கோப்பையைப் படைப்புக் கடவுளாக்கிவிடுகிறது.

இதே கதையை இன்று கல்லிலும் சொல்லத் தொடங்கியுள்ளனர். 2025 மே மாதத்தில், மெட்ரோவின் 90 ஆவது ஆண்டு நிறைவையொட்டி, வட்டப் பாதையின் தகான்ஸ்காயா நிலையத்தில் ஒரு புடைப்புச் சிற்பம் நிறுவப்பட்டது. நடுவே ஸ்டாலின் நிற்கிறார். சுற்றிலும் தொழிலாளரும் குழந்தைகளும் அவரை நன்றிப்பெருக்கோடு நோக்கி நிற்கின்றனர். முன்னர் அந்நிலையத்தில் இருந்து, 1966 இல் புதிய பாதைக்கு வழி அமைத்தபோது அகற்றப்பட்ட சிற்பத்தின் பிரதி அது. எமது நண்பர்கள் சிலர் இச்செய்தி கேட்டு மகிழ்ந்தனர். வரலாறு தன் கடனைத் தீர்த்துக்கொண்டது என்றுங் கூறினர். அந்த மகிழ்ச்சியில் நாம் பங்குகொள்ள மறுக்கிறோம். ஏன் மறுக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எதிர்முகாமுக்கு விடை கூறிவிடுவோம். உழைப்பாளி ஏறி இறங்கும் இடத்துக்குச் சலவைக்கல் எதற்கு, சரவிளக்கு எதற்கு, இது வெறும் வீண்செலவு என்று மேற்குலகப் பத்திரிகைகள் எழுதியதுண்டு. வங்கியின் முன்கூடத்தில் சலவைக்கல் பதித்தால் அது கண்ணியம். கோமகனின் மாளிகையில் பதித்தால் அது பண்பாடு. தொழிலாளி வேலைக்குச் செல்லும் வழியிற் பதித்தால் மாத்திரம் அது வீண்செலவு! அழகு உடையவனுக்கே உரியது என்ற பழைய வர்க்க நியாயத்தின் புதிய குரலே இது. லண்டனின் நிலக்கீழ் நிலையங்கள் பலவற்றை வடிவமைத்த சார்ல்ஸ் ஹோல்டன் இவ்வாறு எண்ணவில்லை. 1947 இல் திறக்கப்பட்ட கான்ட்ஸ் ஹில் நிலையத்தின் நடுக்கூடத்தை அவர் மொஸ்கோ நிலையங்களின் பாணியிலேயே அமைத்தார். நாள்தோறும் கூலிக்குச் செல்பவனும் தலை நிமிர்ந்து நடக்கத்தக்க ஒரு கூடம் வேண்டும் என்ற எண்ணம் இந்த நூற்றாண்டுக்கும் தேவையான எண்ணமாகும். அதனை நாம் விட்டுக்கொடுக்கமாட்டோம்.

சோவியத் அரசே ஒருமுறை இதனை விட்டுக்கொடுத்தது. 1955 நவம்பர் 4 இல், வடிவமைப்பிலும் நிர்மாணத்திலும் உள்ள மிகைகளை ஒழிப்பது குறித்து ஒரு தீர்மானம் வெளியாயிற்று. குடியிருக்க வீடின்றி ஓரறையில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த நாட்டில், சிக்கனம் நாடியது நியாயமே. அதன் பின்னர் எழுந்த நிலையங்கள் பல ஒரே அச்சில் வார்த்தனவாய், வரிசைத் தூண்களும் ஓடு பதித்த சுவர்களுமாய் அமைந்தன. அவை மலிவாகவும் விரைவாகவும் எழுந்தன. அதனையும் குறை கூறோம். ஆனால் மிகை எது என்ற கேள்விக்கு அத்தீர்மானம் தவறான விடையே அளித்தது. மிகை சலவைக்கல்லில் இருக்கவில்லை. சலவைக்கல்லின் மீது செதுக்கப்பட்ட முகத்தில் இருந்தது. இதனை உணர வட்டப் பாதையை ஒருமுறை சுற்றிவந்தாற் போதும்.

பார்க் குல்தூரியில் ஏறுவோம். பண்பாட்டுப் பூங்கா என்பது அப்பெயரின் பொருள். 1950 ஜனவரி 1 இல் திறக்கப்பட்ட இந்நிலையத்தின் தூண்களில் ஓய்வுநேர வாழ்க்கையின் காட்சிகள் வெண்கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. சதுரங்கம் ஆடுவோரும், பனிச்சறுக்கில் ஈடுபடுவோரும், ஆடிப் பாடுவோரும் அங்கே உள்ளனர். எட்டுமணி நேர வேலைக்குப் போராடிய வர்க்கம், மீதி நேரம் எதற்கு என்பதைக் கல்லில் எழுதிவைத்தது போன்ற காட்சி இது. இதனை மிகை என்பவன் மனிதனை வெறும் கையாக மாத்திரம் காண்பவன்.

சில நிலையங்கள் கடந்து, நாம் மேலே குறிப்பிட்ட தகான்ஸ்காயா. அங்கே சுட்ட மண்ணில் வண்ணம் தீட்டிய பலகைகளில் போர்வீரரின் முகங்கள் உள்ளன. விமானியும் மாலுமியும் தாங்கிப்படை வீரனும் அங்கே காட்சியளிக்கின்றனர். பாசிசத்தை முறியடித்தவர்கள் இவர்களே. ஆனால் இவர்களை நோக்கி எவரும் நன்றி கூறி நிற்கும் சிற்பம் அங்கு இல்லை. நன்றி முழுவதும் ஒருவருக்கே அளக்கப்பட்டது. இரத்தம் சிந்தியவன் சுவரோரத்தில், நன்றி பெறுபவன் நடுநாயகமாக!

அடுத்தது கூர்ஸ்காயா. அதன் நுழைமண்டபத்தில், நாட்டுப் பண்ணின் 1944 ஆம் ஆண்டு வடிவத்திலிருந்து, மக்களை வளர்த்தெடுத்தவர் ஸ்டாலின் எனும் பொருள்பட்ட வரி பொறிக்கப்பட்டிருந்தது. ஸ்டாலின் வழிபாடு கண்டிக்கப்பட்ட காலத்தில் அவ்வரியும், அங்கிருந்த அவரது சிலையும் அகன்றன. 2009 ஆகஸ்டில் திருத்தவேலை முடிந்து மண்டபம் திறந்தபோது அவ்வரி மீண்டிருந்தது. மக்கள் தலைவரை வளர்க்கவில்லையாம். தலைவரே மக்களை வளர்த்தாராம். மார்க்சியம் கற்ற எந்த மாணவனும் இவ்வாக்கியத்தைத் தலைகீழ் வாக்கியம் என்றே குறிப்பான்.

அதற்கடுத்த கொம்சொமோல்ஸ்காயாவே பாதையின் மணிமுடி. கட்டடக் கலைஞர் ஷூசெவ் வகுத்து, அவர் மறைந்த பின்னர் 1952 இல் திறக்கப்பட்ட மஞ்சட் கூரை மண்டபம் அது. கூரையில் ஓவியர் பாவெல் கோரினின் வண்ணக்கல் ஓவியங்கள் எட்டு. அவற்றுள் ஒன்றில், வெற்றி அணிவகுப்பை ஏற்றுநின்ற தலைவர்கள் வரிசையாக இருந்தனர். 1953 இல் பெரியா வீழ்ந்தபோது அவர் ஓவியத்திலிருந்தும் வீழ்ந்தார். மொலோட்டோவும் ககனோவிச்சும் பதவியிழந்தபோது ஓவியத்திலும் இடமிழந்தனர். இறுதியில் ஸ்டாலினும் போனார். கோரின் தம் ஓவியத்தையே மாற்றி, பகைவரின் கொடிகளை மிதித்துநிற்கும் தாய்நாட்டின் பெண்ணுருவை அமைத்தார். கூரையில் மாண்டவர்க்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் அந்நிலையத்தின் பெயர் எவரைக் குறிக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். முதற்பாதைக்கு மண் அகழச் சென்ற இளங் கம்யூனிஸ்டுகளின் சங்கத்தையே அது குறிக்கிறது. அச்சங்கத்துக்கு 1929 முதல் தலைமை தாங்கிய அலெக்சாந்தர் கொசாரெவ் 1938 இற் கைதாகி, 1939 பெப்ரவரியிற் சுடப்பட்டார். எந்தக் கூரையிலிருந்தும் அவரை அழிக்க வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை.

நொவஸ்லபோத்ஸ்காயாவில் துஷ்கின் அமைத்த கூடத்தில் 32 வண்ணக்கண்ணாடிப் பலகைகள் ஒளிர்கின்றன. ரீகா நகரின் கைவினைஞர் அமைத்தவை அவை. இசைஞனும் ஓவியனும் புவியியலாளனும் விவசாய விஞ்ஞானியும் அவற்றிற் சிலவற்றில் உள்ளனர். கூடத்தின் கோடியில் குழந்தையை ஏந்திய தாயின் ஓவியம். உலக சமாதானம் என்பது அதன் பெயர். அத்தாயின் தலைக்கு மேலும் ஒரு காலத்தில் ஸ்டாலினின் முகம் பதிந்திருந்தது. இன்று அவ்விடத்திற் புறாக்கள் பறக்கின்றன.

இங்கே நண்பர்களிடம் ஒரு கேள்வி. ஆதி வடிவத்தை மீட்பதே எமது நோக்கம், அரசியல் அன்று என்ற வாதம் இத்தகைய மீட்புகளுக்குத் துணையாக வருகிறது. அவ்வாறாயின் இப்புறாக்களையும் விரட்டிவிடுவீர்களா? கொம்சொமோல்ஸ்காயாவின் கூரைக்குப் பெரியாவையும் அழைத்துவருவீர்களா? மாட்டீர்கள். ஆதி வடிவங்கள் பலவற்றுள் இன்றைய ஆட்சிக்கு எது உதவுமோ அதுவே தெரிந்தெடுக்கப்படுகிறது. அது பழமை பேணல் அன்று; பழமையை ஏவலுக்கு வைத்துக்கொள்ளல்.

என்ன ஏவல் என்பதைப் பாதையின் இறுதி நிலையம் உரைக்கும். 1954 மார்ச்சிற் கீவ்ஸ்காயா திறந்தபோது வட்டம் நிறைவெய்தியது. ருஷ்ய உக்ரைனிய மக்களின் நட்பே அதன் வண்ணக்கல் ஓவியங்களின் பொருள். அவ்வோவியங்கள் இன்றும் அங்கேயே உள்ளன. 2022 பெப்ரவரி 24 முதல், ஓவியத்தின் அடியிற் பிரயாணிகள் ஏறி இறங்கும் அதே வேளையில், அந்நிலையத்துக்குப் பெயர் தந்த நகரின் மீது குண்டுகள் விழுகின்றன. 1941 இல் நாஜி விமானங்களுக்கு அஞ்சி மொஸ்கோ மக்கள் தங்கள் மெட்ரோவில் இரவுகளைக் கழித்தனர். 2022 இல் கீவ் மக்கள் தங்கள் மெட்ரோவிற் குழந்தைகளைக் கிடத்தி உறங்கினர். அந்நகரில் மக்கள் நட்பு என்ற பெயர் பூண்ட நிலையம் 2023 இல் அப்பெயரைத் துறந்தது. அந்தப் பெயரைக் கொன்றவர் யார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. படையெடுப்பு நடத்தும் ஓர் அரசுக்குப் புரட்சி வேண்டாம்; சோவியத்துகள் வேண்டாம்; பொதுவுடைமை அறவே வேண்டாம். வெற்றி கொண்ட தளபதியின் முகம் மாத்திரம் வேண்டும். தகான்ஸ்காயாவில் மீண்டவர் அத்தளபதியே. செங்கொடியைக் கண்டோம் என்று மகிழும் நண்பர்கள் கண்டது, சாயம் பூசிய கழுகுக் கொடி.

ஆனால் அவரன்றோ நாட்டைத் தொழில்மயமாக்கினார், அவரன்றோ மெட்ரோவை அமைத்தார் என்பர். முதற்பாதையை அமைத்தோர் யார்? 1932-33 இன் பஞ்ச காலத்தில் கிராமங்களை விட்டு ஓடிவந்த குடியானவர்கள். கொம்சொமோல் திரட்டிய ஆலை இளைஞர்கள். பெண்களுக்கு இவ்வேலை ஆகாது என்ற பேச்சைப் புறக்கணித்து நிலத்தடிக்கு இறங்கிய தத்தியானா பியோதரவா போன்ற பெண்கள். அவர்கள் அகழ்ந்த அப்பாதைக்கு 1955 வரை ககனோவிச்சின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. நாம் போற்றும் அந்தச் சாதனை இவர்களுடையது. 1937-38 ஆம் ஆண்டுகளில் மாத்திரம், அரசின் சொந்தப் பதிவுகளின்படியே, 6,80,000 பேருக்கு மேல் சுடப்பட்டனர். ஒன்றின் பெருமையைத் தலைவருக்கு வரவு வைத்து, மற்றதன் பழியைக் காலத்தின் கணக்கில் எழுதும் கணக்குப்பிள்ளை வேலை எமக்கு உடன்பாடன்று.

அழித்தவர்களையும் நாம் முற்றாக விடுவிக்கவில்லை. முகத்தைச் சுரண்டி எடுத்தவர்கள், அம்முகம் ஏன் அங்கு வந்தது என்று மக்களோடு கூடி ஆராயவில்லை. ஒரு தலைவரின் உரு இருந்த இடத்தில் வேறொரு தலைவரின் உருவை வைத்தனர். கொம்சொமோல்ஸ்காயாவின் மற்றொரு ஓவியத்தில் ஸ்டாலின் நின்ற இடத்தில் லெனின் உரையாற்றலானார். பீடம் இடிக்கப்படவில்லை, வெறுமனே காலியாயிருந்தது. காலியான பீடத்துக்குப் பழைய தெய்வம் திரும்பிவருவதில் வியப்பென்ன?

இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு சிற்பத்தைப் பற்றி நாம் ஏன் இத்துணை வெப்பத்தோடு எழுதுகிறோம்? சோவியத் சஞ்சிகைகளின் வண்ணப் படங்களில் இந்நிலையங்களைக் கண்டு, உழைப்பாளிக்கும் ஒரு மாளிகை உண்டு என்று நெஞ்சு விம்மிய தலைமுறை ஒன்று இந்நாட்டில் உண்டு. அந்த நெகிழ்ச்சி பொய்யன்று. ஆயின் 1960 களின் முற்பகுதியில் எமது நாட்டின் கம்யூனிஸ்ட் இயக்கம் பிளந்தபோது, ஸ்டாலினைப் பற்றிய மதிப்பீடும் வாதப்பொருள்களுள் ஒன்றாயிருந்தது. அவ்வாதம் முடிவுறாமலே கிடக்கிறது. படத்தை மாட்டுவதா கழற்றுவதா என்று பேசினோமேயன்றி, மக்கள் ஆக்கிய ஒன்றுக்குத் தலைவன் எவ்வாறு உரிமையாளனானான் என்று கேட்கத் தவறினோம். வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களும், நாளை எமது இடத்தை நிரப்பப்போகும் மாணவர்களும் அக்கேள்வியைக் கேட்டேயாக வேண்டும். கேளாத இயக்கம் அடுத்த தலைவனுக்கு இப்போதே சுவரைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது.

மாற்று வழி எங்கே என்பீராயின், அதுவும் அம்மெட்ரோவிலேயே உண்டு. 1935 இற் திறந்த முதற்பாதையின் கொம்சொமோல்ஸ்காயாச் சுவரில் லான்செரே ஆக்கிய ஓவியத்தின் நாயகர், அச்சுரங்கத்தைத் தோண்டிய தொழிலாளரே. இனிக் கூர்ஸ்காயாவில் பாதை மாறி மையத்தை நோக்கி ஒரே நிலையம் செல்லுங்கள். 1938 இல் திறந்த புரட்சிச் சதுக்கம் அது. சிற்பி மனீசர் வார்த்த 76 வெண்கல உருவங்கள் அங்கே வளைவுகளின் அடியில் உள்ளன. தொழிலாளி, மாலுமி, மாணவி, தாய், கோழி வளர்க்கும் பெண் என அவை யாவும் பெயரற்றவை. எல்லைக்காவலனின் அருகே ஒரு நாய் அமர்ந்திருக்கிறது. பரீட்சைக்குச் செல்லும் மாணவர்களும் வேலைக்கு விரையும் தொழிலாளரும் அதன் மூக்கைத் தடவிவிட்டுப் போவது வழக்கம். நல்லது நடக்குமாம். கோடிக்கணக்கான விரல்கள் பட்டு அம்மூக்குப் பொன்போல் மின்னுகிறது.

மூடநம்பிக்கைதான், ஆயினும் எவரும் ஆணையிட்டு வந்ததன்று அந்தப் பளபளப்பு. மக்கள் தங்களுடையதெனக் கருதும் பொருளையே இவ்வாறு தொடுவர். சலவைக்கல் இருக்கட்டும், சரவிளக்கு எரியட்டும், கண்ணாடி ஒளிரட்டும். அவை மிகையல்ல. அந்த முகமே மிகை.