முத்திரையில்லாத படி

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சந்தையில் வெங்காயம் விற்கும் ஓர் அம்மாள், ஒரு கிலோவுக்கு விலை பேசிக் காசை வாங்கிக்கொண்டு, "ஒரு கிலோ வரை தருவேன், அரைக் கிலோவும் இருக்கலாம், நூறு கிராமும் இருக்கலாம்" என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? காசைத் திருப்பிக் கேட்போம். அவருடைய தராசில் முத்திரை இல்லையென்றால் முத்திரை ஆய்வாளர் வந்து அபராதம் விதிப்பார். எடைக்கும் அளவுக்கும் என்றே 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் நாட்டில் இருக்கிறது. தெருவோரத்தில் கூடை வைத்திருப்பவருக்கே இவ்வளவு கண்டிப்பு! ஆனால் கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணையத்தை விற்கும் நிறுவனங்களோ, "100 மெகாபிட் வரை" என்று ஊரெங்கும் பலகை வைக்கின்றன. அந்த 'வரை' என்னும் இரண்டெழுத்தைப் பற்றித்தான் மாணவ நண்பர்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

இன்று தொலைக்காட்சி என்பது கூரைமேல் நிற்கும் ஆன்டெனாவில் இல்லை. 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியபோது, பெட்டி வாங்கியவர் வானிலிருந்து வருவதைப் பார்த்தார். பிறகு கேபிள் வந்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு என்று வந்தபோது எங்கள் தெருவில் கூடிக் கூடிப் பேசினார்கள் என்று அம்மா இன்றும் சொல்வார். 2019இல் எந்த அலைவரிசைக்கு என்ன விலை என்று அறிவிக்கவேண்டும், வேண்டியதை மட்டும் தனியாகவும் வாங்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் முறை நடைமுறைக்கு வந்தது. அதில் குறைகள் உண்டு. எனினும் விலைப்பட்டியல் என்று ஒன்று கைக்கு வந்தது.

அதே அலைவரிசை, அதே தொடர், இணையம் வழியாகச் செல்பேசிக்கு வரும்போது அந்தப் பட்டியல் காணாமற் போய்விடுகிறது. ஓ.டி.டி. செயலிகளின் கட்டணம் அந்த முறைக்குள் வருவதில்லை. 2023இல் ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோசினிமா செயலியில் காசில்லாமல் பார்த்தோம். விடுதியே விழித்திருந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் ஹாட்ஸ்டாரும் ஒரே செயலியாயின. பழக்கம் நம்மிடம் நின்றது, கட்டணம் கூடவே வந்தது. செயலிக்கு ஒரு பணம், அதைக் கொண்டுவரும் இணையத்துக்கு ஒரு பணம், இரண்டின்மேலும் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. செயலிக்குப் பணம் கட்டியவர், படம் நடுவில் வட்டமிட்டு நின்றால் யாரைக் கேட்பது? செயலிக்காரர் "உங்கள் இணைப்பைப் பாருங்கள்" என்பார். இணைப்புக்காரர் "செயலியில் கோளாறு" என்பார். இருவரும் பணத்தை மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்வார்கள்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலாவது, நம்மில் பலர் 100 மெகாபிட் என்றால் 100 மெகாபைட் என்றே நினைக்கிறோம். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே அந்தப் பலகையில் உள்ள நூறு, நம் கோப்பின் கணக்கில் வினாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். அதுவும் 'வரை'. அடுத்தது செல்பேசித் திட்டம். தெளிவான படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜி.பி. செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. என்று வாங்கியவர் நாற்பது நிமிடத்தில் அதை முடித்துவிடுவார். அதன்பின் பல திட்டங்களில் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்குகிறது. அந்த வேகத்தில் அதே தெளிவோடு ஒரு மணி நேரப் படத்தை இறக்க 78 மணி நேரம், அதாவது மூன்று நாளைக்கு மேல் ஆகும்! இதற்குப் பெயர் 'அளவில்லா இணையம்'. மாதத் திட்டம் என்று நாம் சொல்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 28 நாளை ஒரு மாதமாக்கினால் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை பணம் கட்டுகிறோம். 2022இல் ஆணையம் தலையிட்ட பிறகுதான் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்கவேண்டும் என்ற நிலை வந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் சாமர்த்தியம்.

வீட்டுக்குக் கம்பிவழி வரும் இணையத்தின் கதை வேறு. இரவு எட்டு மணிக்குமேல் ஏன் படம் நின்று நின்று ஓடுகிறது? ஊர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்காரர் திறந்தால் தண்ணீர் பாய்ந்து வரும். தெருவே திறந்தால் நூல் போல் சொட்டும். ஒரே பெரிய கற்றையைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டு விற்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. தொடரும் கிரிக்கெட்டும் ஒரே நேரத்தில் வரும் நாட்டில் இந்தக் கணக்கு எப்படிப் பலிக்கும்? பங்கிட்டு விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்யாவிட்டால் நம்மைப் போன்றவர்களுக்கு விலை கட்டுப்படியாகாது. எத்தனை வீட்டுக்குப் பங்கு, நெரிசல் நேரத்தில் குறைந்தது எவ்வளவு கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்கவேண்டும் என்கிறேன், அவ்வளவே. அகலக்கற்றை என்று பெயர் சொல்லக் குறைந்தபட்ச வேகம் 2 மெகாபிட் என்று 2023இல்தான் மைய அரசு வரையறுத்தது. அதற்கு முன் அது அரை மெகாபிட்! தெளிவான படத்துக்கு வேண்டியதில் பாதிகூட இல்லாத இணைப்பும் இன்று சட்டப்படி அகலக்கற்றைதான்.

எங்கள் வீட்டில் என் தந்தையார் விசைத்தறி ஓட்டுபவர். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், என் படிப்புக்கென்றே இணைப்பு வாங்கினார். சென்ற ஐப்பசி மழையில் சாலை தோண்டியபோது கம்பி அறுந்து ஒன்பது நாள் இணைப்பில்லை. புகார் எண் கொடுத்தார்கள். நான்காம் நாள், கம்பி அறுந்தபடியே கிடக்க, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. மாதக் கடைசியில் முழுத் தொகைக்கும் பில் வந்தது. கம்பிவழி இணையத்தில் பழுது மூன்று நாளைத் தாண்டினால் கட்டணத்தில் கழிவு தரவேண்டும் என்று ஆணையத்தின் தர விதிகளில் இருக்கிறது. அதை எங்களுக்குச் சொன்னவர் எவருமில்லை. அப்பா கேட்டது இதுதான்: "கரண்டுக்கு மீட்டர் இருக்குது, தண்ணிக்குக் குடக்கணக்கு இருக்குது. இதுக்கு என்னடா கணக்கு?"

"தொடர் பார்க்க முடியவில்லை என்பதும் ஒரு குறையா?" என்று பேராசிரியப் பெருமக்கள் சிலர் புன்னகைக்கக்கூடும். அவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அம்மா தொடர் பார்க்கும் அதே கம்பியில்தான் நான் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். வகுப்பைக் கேட்கிறேன், உதவித்தொகை விண்ணப்பம் போகிறது, ஹால் டிக்கெட் வருகிறது. அதுமட்டுமன்று. பகலெல்லாம் நூல் சுற்றிவிட்டு இரவில் அரை மணி நேரம் கதை பார்க்கும் ஒரு தாயின் பொழுதுபோக்கை ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள், கதையானாலும் கல்வியானாலும், அளவு குறையாமல் வரவேண்டும். (திருட்டுத்தனமாய் இறக்கிப் பார்க்கலாமே என்ற நண்பர்களுக்கு: அதற்கும் இதே கம்பிதான் வேண்டும்.)

முறையிட இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே தீராவிட்டால் மேல்முறையீடு. அந்த மேல்முறையீட்டு அதிகாரியும் அதே நிறுவனத்தவர்! மாமியார் மேல் குறை சொல்ல மாமியாரிடமே போவது போலத்தான். ஒழுங்குமுறை ஆணையம் தனிமனிதர் புகாரை விசாரிப்பதில்லை. தொலைபேசிப் பிணக்குகள் நுகர்வோர் மன்றத்துக்கு வரா என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னதால், பல்லாண்டு அந்த வாசலும் அடைபட்டுக் கிடந்தது. 2022 பிப்ரவரி 16ஆம் நாள் அதே நீதிமன்றம், செல்பேசி நிறுவனம் ஒன்றின் வழக்கில், நுகர்வோர் அங்கே போகலாம் என்று தீர்ப்பளித்தது. ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. இந்த ஒரு 'வரை' மட்டும் நமக்குச் சாதகம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. நம் தெருக்களில் இதை அறிந்தவர் எத்தனை பேர்?

நம் கல்லூரியில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் என்று ஒரு பலகை இருக்கிறது. ஆண்டுக்கொரு கூட்டமும் நடக்கிறது. கலப்படத் தேயிலையைத் தண்ணீரில் போட்டுக் காட்டுகிறோம். இந்த ஆண்டு அதோடு வேறொன்றும் செய்யலாம். ஒழுங்குமுறை ஆணையமே வெளியிட்ட மைஸ்பீடு என்ற செயலியில் இணைய வேகத்தை அளக்கலாம். மன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு இணைப்பைக் காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்குமாக ஒரு மாதம் அளந்து, பில்லில் எழுதியுள்ள வேகத்துக்குப் பக்கத்தில் குறித்து வரவேண்டும். எங்கள் வகுப்பில் பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். குறிப்பேடு இயற்பியல் ஆய்வகத்தில், வெர்னியர் அளவி வைக்கும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.