எக்ஸ்ரே யாருடையது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேரப் போகிறவரிடம் கேட்கும் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், மார்க் ஷீட், நான்கு போட்டோ, கூடவே ஒரு 'மெடிக்கல்'. அந்த மெடிக்கலில் எடை, உயரம், ரத்த அழுத்தம், கண் பார்வை எல்லாம் பார்ப்பார்கள். பல இடங்களில் நெஞ்சு எக்ஸ்ரேயும் உண்டு. சட்டையைக் கழற்றி, தாடையை உயர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றால் ஒரு நொடியில் வேலை முடிந்தது. இரண்டு நாள் கழித்து 'ஃபிட்' என்று வந்தால் வேலை. வராவிட்டால் வேறு கம்பெனி.

இதில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த எக்ஸ்ரே எங்கே போனது?

பெரும்பாலும் அது ஒரு கோப்பில் போய் உட்காரும், அல்லது ஒரு கம்ப்யூட்டரில். யாருடைய நெஞ்சோ அவருக்கு மட்டும் அதைப் பார்க்கக் கிடைக்காது. 'அன்ஃபிட்' என்று திருப்பி அனுப்பப்படுகிறவருக்குக் கூட ஏன் என்று சொல்வது அபூர்வம். குன்றத்தூர் தேரடியில் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேலைக்குச் சேரும்போது எடுத்த எக்ஸ்ரே கையில் இருக்கிறது என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

மருத்துவப் படங்கள் என்றாலே எம்.ஆர்.ஐ., சி.டி., பெட் ஸ்கேன் என்று பெரிய மெஷின்களைப் பற்றித்தான் பேச்சு. அவை தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதிக்கு இன்றும் அதிகம் உதவக்கூடியது 130 வயதான சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேதான். அது ஏற்கெனவே எடுக்கப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. உரியவர் கையில் போய்ச் சேரவில்லை, அதுதான் குறை.

ஒரு படம் என்ன சொல்லும்?

முதலில் காசநோயை எடுத்துக்கொள்ளலாம். 2019 முதல் 2021 வரை இந்தியா முழுக்க ஒரு பெரிய காசநோய்க் கணக்கெடுப்பு நடந்தது. அதை ஒருங்கிணைத்தது சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இருமல், காய்ச்சல், எடை குறைவு போன்ற அறிகுறிகள் இருக்கிறதா என்று கேட்டார்கள். கூடவே எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். முடிவு 2022-இல் வெளியானது. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் தப்பிப் போயிருப்பார்கள்! அறிகுறி இருந்தவர்களிலும் சுமார் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் நோய் இருந்தும் இருமல் இல்லாதவர்கள். இன்னொரு பக்கம் இருமல் இருந்தும் டாக்டரிடம் போகாதவர்கள். ஒரு ஷிப்ட் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி எந்தப் பக்கம் இருப்பார் என்று சொல்லவே வேண்டாம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் பாய் விரித்துத் தூங்கும் வாடகை வீடுகள் இந்தப் பகுதி முழுக்க உண்டு. ஒருவருக்கு நோய் இருந்து, அது தெரியாமலே போனால், அது அவரோடு மட்டும் நிற்பதில்லை.

ஆனால் எக்ஸ்ரே கடைசித் தீர்ப்பு இல்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எக்ஸ்ரே ஒரு நிழலைக் காட்டும், அவ்வளவுதான். அந்த நிழல் இப்போதைய காசநோயாக இருக்கலாம். எப்போதோ வந்து முழுவதும் குணமான நோயின் தழும்பாகவும் இருக்கலாம். சாதாரண நிமோனியாவாகவும் இருக்கலாம். எது என்று முடிவு செய்ய சளிப் பரிசோதனை வேண்டும், சிபிநாட், ட்ரூநாட் போன்ற மூலக்கூறு பரிசோதனை வேண்டும். உலக சுகாதார நிறுவனமே 1974-இல், கண்ணை மூடிக்கொண்டு ஊர் முழுக்க எக்ஸ்ரே எடுப்பதைக் கைவிடலாம் என்று சொன்னது. அதே நிறுவனம் 2021-இல், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டர் மென்பொருளே படித்துச் சந்தேகப்பட வேண்டியவர்களைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. நடுவில் டிஜிட்டல் எக்ஸ்ரே வந்தது, பை ஒன்றில் எடுத்துச் செல்லும் சிறிய கருவிகளும் வந்தன. எக்ஸ்ரேயின் வேலை சல்லடை வேலை. சலித்த பிறகு செய்ய வேண்டியதையும் செய்தால்தான் அதற்கு அர்த்தம்.

கம்பெனி வாசலில் நடப்பது என்ன? சல்லடை போடுகிறார்கள், சந்தேகமானவரை வெளியே தள்ளுகிறார்கள், கதை முடிந்தது. தள்ளப்பட்டவர் சளிப் பரிசோதனைக்குப் போனாரா என்பது யாருக்கும் தெரியாது. பழைய தழும்பு இருந்தவர் ஒன்றும் இல்லாமலே வேலையை இழக்கிறார். உண்மையில் நோய் இருந்தவர், தனக்கு நோய் என்று தெரியாமலே அடுத்த கம்பெனியின் வரிசையில் போய் நிற்கிறார். நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இங்கே நோயாளியைத் துரத்தும் கருவியாக ஆகிவிட்டது.

சென்னை உலகத்துக்குச் சொன்ன பாடம்

இது இந்த மண்ணிலேயே நடப்பதுதான் வேதனை. குன்றத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் தாம்பரம் சானடோரியம். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வரக் காரணம் 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை. 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. காசநோய் வந்தவரை வீட்டிலிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் அன்றைய வைத்தியம்.

1956-இல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. ஒரு பகுதி நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் வைத்து மருந்து. இன்னொரு பகுதிக்கு, நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்துகொண்டே அதே மருந்து. எக்ஸ்ரே படங்களாலும் சளிப் பரிசோதனையாலும் இரண்டு பிரிவையும் தொடர்ந்து கவனித்தார்கள். 1959-இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

காசநோய் வந்தவரை ஒதுக்க வேண்டியதில்லை, மருந்து கொடுத்தால் போதும் என்று உலகத்துக்கே சொன்ன ஊரின் புறநகரில், ஒரு நிழலைப் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்புவது நியாயமா? சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து, அரசிடம் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் 2018 முதல் கொடுத்தார்கள், 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். இ.எஸ்.ஐ.யில் இரண்டு வருடம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்தவருக்குக் காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீத ஊதிய அளவில், இரண்டு வருடம் வரை உதவித்தொகை உண்டு. இவ்வளவும் இருக்கிறது. ஆனால் எதை வாங்கவும் முதலில் தனக்கு நோய் இருப்பது அந்த ஆளுக்குத் தெரிய வேண்டுமே!

ஓப்பனிங் பேலன்ஸ்

இரண்டாவது சிலிகோசிஸ். கல், மணல் தூசியைப் பல வருடம் சுவாசித்தால் நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிப் போகும் நோய். இரும்பு வார்ப்படம், மணல் பீய்ச்சி உலோகத்தைச் சுத்தம் செய்வது, எருமையூர் பக்கத்துக் கிரஷர்களில் கல் உடைப்பது, எல்லாமே இந்தத் தூசி உள்ள வேலைகள். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. சிலிகோசிஸ் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். செய்யக்கூடியது, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அந்த ஆளைத் தூசியிலிருந்து மாற்றுவது. கண்டுபிடிக்க வழி எக்ஸ்ரே, அதுவும் வருடா வருடம் எடுத்து முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

பி.காம். படிப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஓப்பனிங் பேலன்ஸ் தெரியாமல் ஒரு வருடக் கணக்கை முடிக்க முடியுமா? வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த எக்ஸ்ரேதான் தொழிலாளியின் ஓப்பனிங் பேலன்ஸ். சுத்தமான நுரையீரலோடு உள்ளே போனார் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. பத்து வருடம் கழித்து மூச்சு வாங்கும்போது, "இது இந்த வேலையால் வந்தது" என்று அவர் நிரூபிக்க வேண்டும். சிலிகோசிஸ் சட்டம் ஒப்புக்கொண்ட தொழில் நோய், இழப்பீடு கேட்கலாம். ஆனால் முதல் எக்ஸ்ரே கம்பெனியின் கோப்பில் இருக்கிறது, அல்லது பாதி வழியில் மாறிப்போன கான்ட்ராக்டரோடு காணாமல் போய்விட்டது. வழக்குப் போடுகிறவரின் ஆவணம் எதிர்த்தரப்பின் பீரோவில் இருந்தால் என்ன கணக்கு டேலி ஆகும்?

படத்துக்கு இருக்கும் மதிப்பைப் பார்க்க ராஜஸ்தானுக்குப் போக வேண்டும். 2019-இல் அங்கே இந்த நோய்க்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். கல் குவாரித் தொழிலாளி எக்ஸ்ரேயோடு மருத்துவக் குழுவிடம் போய்ச் சிலிகோசிஸ் என்று சான்று பெற்றால் 3 லட்சம் ரூபாய். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 2 லட்சம். அங்கே ஒரு எக்ஸ்ரே, பட்டா மாதிரி ஒரு பத்திரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

போபால் விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான வேலை செய்பவரின் மருத்துவப் பதிவுகளை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும், தொழிலாளி அதைப் பார்க்கவும் முடிய வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. குறிப்பிட்ட வயதுக்கும் பிரிவுக்கும் உட்பட்ட தொழிலாளருக்கு வருடம் ஒரு முறை இலவச மருத்துவப் பரிசோதனை என்பது அதில் உண்டு. நல்ல விஷயம். ஆனால் வருடா வருடம் பரிசோதனை செய்து, வருடா வருடம் அதே பீரோவில் பூட்டி வைத்தால் பூட்டுக்குத்தான் லாபம்.

இன்னொரு விதியும் இருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவைக் கொடுக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், வேலைக்கு முன் பரிசோதிக்கப்படுகிறவரை யாரும் 'நோயாளி'யாக நினைப்பதில்லை. காசு கொடுத்தது கம்பெனி, ஆகவே ரிப்போர்ட்டும் கம்பெனிக்கு. கடைக்காரர் கணக்குப்படி அது சரி. மருத்துவத்தின் கணக்கு வேறு. செலவை யார் ஏற்றாலும், கதிர்வீச்சு பட்டது அந்த ஆளின் உடம்பில். அளவு மிகக் குறைவுதான், சுமார் பத்து நாளில் இயற்கையாகவே நம் மீது படும் அளவு. ஆனாலும் ஒருவரின் உடம்பில் கதிரைச் செலுத்தினால், அதனால் அவருக்கு ஏதாவது பலன் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைக் கொள்கை.

கம்பெனிகள் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். நோயுள்ள ஒருவரை உள்ளே விட்டால் மற்றவர்களுக்குப் பரவாதா? பரவலாம், உண்மை. அதனால்தான் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்கிறோம். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வேலையைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்து, குணமானதும் கூப்பிட்டுக்கொள்ளலாம். சத்தம் இல்லாமல் திருப்பி அனுப்பினால் நோய் ஊருக்குள்தான் போகிறது. அந்த ஊரிலிருந்துதான் மறுநாள் மற்ற தொழிலாளர்கள் பஸ் ஏறி வருகிறார்கள்!

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை.

ஒன்று, எக்ஸ்ரே எடுத்த அன்றே படமும் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொண்டவருக்கு. டிஜிட்டல் கோப்பை போனுக்கு அனுப்ப எவ்வளவு ஆகும்?

இரண்டு, கம்பெனிக்குப் போக வேண்டியது 'வேலைக்குத் தகுதி', 'தற்காலிகமாக இல்லை' என்ற ஒரு வரி மட்டும். நோயின் பெயர் டாக்டருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இருக்கட்டும்.

மூன்று, சந்தேகமான நிழல் இருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குச் சளிப் பரிசோதனைக்கான கடிதம் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

நான்கு, எக்ஸ்ரே தொழிலாளி இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். 2024-இல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கத் தொழிற்சாலைக்கே வருகிறது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி அதே வருடம் திறக்கப்பட்டது. இப்படி ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் இருக்கும்போது, எக்ஸ்ரே வண்டி ஒரு நாள் வாசலில் வந்து நிற்பது கடினமா?

எக்ஸ்ரேயை 1895-இல் கண்டுபிடித்த ராண்ட்ஜன் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று விட்டுவிட்டார். கண்டுபிடித்தவரே சொந்தம் கொண்டாடாத ஒன்றை, யாரோ ஒருவரின் நெஞ்சைப் படம் பிடித்துவிட்டுக் கம்பெனி ஏன் சொந்தம் கொண்டாட வேண்டும்?

கல்லூரி முடித்துவிட்டு இதே தொழிற்பேட்டையில் ஹெச்.ஆர்., அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகப் போகிறவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள். நாளைக்கு அந்தக் கோப்பு இருக்கும் பீரோவின் சாவி உங்கள் கையில்தான் இருக்கும். அதற்கு முன்னால், உங்களுக்கும் ஒரு மெடிக்கல் நடக்கும். மூச்சை இழுத்துப் பிடித்து நின்று முடித்த பிறகு, சட்டையை மாட்டிக்கொண்டே கேளுங்கள்: "என் எக்ஸ்ரே எனக்கு எப்போது கிடைக்கும்?"