எட்டுக் கிலோ எங்கே போனது?

முட்டை விலை ஏறியதற்காக ஒரு நாட்டின் அதிபர் மன்னிப்புக் கேட்டார். 2023 டிசம்பர் 14, ரஷ்யா. ஆண்டுக்கொரு தடவை தொலைக்காட்சியில் உட்கார்ந்து மக்கள் கேள்விக்குப் பதில் சொல்லுகிற நிகழ்ச்சி. பென்ஷன் வாங்கும் ஒரு அம்மா முட்டை விலையைக் கேட்கப்போக, புதின் வருத்தம் தெரிவித்தார். அரசாங்க வேலையில் நேர்ந்த கோளாறு என்றார். பக்கத்து நாட்டின்மீது படையெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்காதவர் முட்டைக்குக் கேட்டார். அடுப்படியில் கிளம்புகிற கோபம் எதுவரைக்கும் போகும் என்பது ஆளுகிறவர்களுக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு வெண்ணெய். திருட்டுக்குப் பயந்து கடைக்காரர்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் ரஷ்ய மய்ய வங்கி வட்டியை 21 சதமாக ஏற்றியது. அந்த ஆண்டு விலைவாசி 9.5 சதம் ஏறியதாக அரசுக் கணக்கே சொன்னது. இதற்கெல்லாம் முன்பு, 2022லேயே, ரஷ்யாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் ஏறத்தாழ 30,000 கோடி டாலரை அமெரிக்காவும் அய்ரோப்பாவும் கூட்டாளிகளும் முடக்கியாயிற்று.

இதைப் பற்றி நம் தோழர்களிடம் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. ‘ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நிக்கிறான்யா ரஷ்யாக்காரன்’ என்பது ஒன்று. ‘தடை போட்டாச்சுல்ல, சீக்கிரம் கவுந்துடுவான்’ என்பது இன்னொன்று. இரண்டு பேச்சிலும் ரஷ்யா என்பது ஒரே ஒரு ஆள். எந்த நாடு அப்படி ஒரே ஆளாக இருந்திருக்கிறது? ஊர் என்று ஒன்று இருந்தால் சேரி என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்?

போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை. அங்கே சம்பளம் ஏறியது. பென்ஷன் பத்தாமல் வேலைக்கும் போய்க்கொண்டிருந்த கிழவிகளுக்கு? விலைவாசிக்கேற்ற பென்ஷன் உயர்வை அவர்களுக்கு மட்டும் 2016லேயே நிறுத்தி வைத்தார்கள். 2025 ஜனவரியில்தான் திரும்பக் கொடுத்தார்கள். புர்யாத்தியா, தூவா மாதிரி ஏழைப் பிரதேசங்களிலிருந்து, சிறுபான்மை இனங்களின் வீடுகளிலிருந்து, ஆள் கணக்குக்கு மிஞ்சிய பிணங்கள் திரும்பி வந்தன. தடை போட்டவர்கள் கிரெம்ளினைக் குறிவைத்ததாகச் சொல்கிறார்கள். சுமை, வருமானம் நகராதவர்களின் தலையில் போய் இறங்கியது.

ரஷ்யர்கள் இதை முன்னேயே ஒரு தடவை பார்த்தவர்கள். 1992 ஜனவரி 2இல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். ஒரே ஆண்டில் விலைகள் 25 மடங்குக்கு மேல் ஏறின. ஆயுசு பூராவும் சேர்த்த காசு வங்கிப் புத்தகத்தில் அப்படியே இருந்தது, ஒரு ரூபிள் குறையவில்லை. அதைக் கொண்டு வாங்கத்தான் ஒன்றுமில்லை. நான் வங்கியில் கிளார்க். எண்ணைத் தொடாமலேயே பணத்தைப் பிடுங்கலாம் என்பது எனக்குப் பாடப்புத்தகத்தைவிட கவுன்ட்டரில்தான் நன்றாகப் புரிந்தது. பூட்டை உடைக்கவில்லை, கையெழுத்தை மாற்றவில்லை. எந்த போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பது?

இப்போது கீழவாஞ்சூருக்கு வருவோம்.

காரைக்காலின் தெற்கு ஓரம், திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். அந்தப் பக்கம் நாகூர், தமிழ்நாடு. இந்தப் பக்கம் நாங்கள், புதுச்சேரி. கடலோரத்தில் துறைமுகம், நிலக்கரி. பெட்ரோல் இங்கே லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு என்று நாகூர்க்காரர்கள் எல்லை தாண்டி வந்து வண்டிக்குப் போட்டுக்கொண்டு போவார்கள். நாங்களோ பல வருஷம் அந்தப் பக்கத்து ரேஷன் கடையைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். எங்கள் பக்கத்தில் ரேஷன் கடையே பூட்டிக் கிடந்தது.

பூட்டிய கதை இது. அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் காசு போடும் சோதனையை 2015 செப்டம்பரில் மத்திய அரசு சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. பின்னால் புதுச்சேரி அரசு கொடுத்துவந்த இலவச அரிசியும் காசானது. அமைச்சரவை அரிசிதான் வேண்டும் என்றது. துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி காசுதான் என்றார். டெல்லி அவர் பக்கம் நின்றது. நீதிமன்றம் போயும் அரிசி வரவில்லை. சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்குப் பதில் மாதம் 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்குப் பதில் 300 ரூபாய் என்று ஆயிற்று. கிலோவுக்கு 30 ரூபாய் கணக்கு.

வாயில் வைக்கிற மாதிரியான அரிசி கடையில் 50 ரூபாயைத் தாண்டிய பிறகும் அதே 600தான். வகுத்துப் பாருங்கள், 12 கிலோ. இருபதில் பன்னிரண்டு போக எட்டுக் கிலோ எங்கே போனது? எந்தக் கொள்ளைக்காரனும் தூக்கிக்கொண்டு போகவில்லை. மானியத்தை வெட்டுகிறோம் என்று எந்த அமைச்சரும் அறிவிக்கவில்லை. சட்டசபையில் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. விலைவாசியே வெட்டிக் கொடுத்துவிட்டது. ரூபாயில் எழுதிவைத்த உரிமை எலி கடிக்கிற மூட்டை மாதிரி. வெளியே பார்த்தால் மூட்டை நிற்கும்.

அந்த 600ஆவது முழுசாகக் கைக்கு வந்ததா? ‘அரிசிக் காசு விழுந்துட்டா தம்பி?’ என்று பாஸ்புத்தகத்தை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் பெரியம்மாக்களுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். ‘விழுந்துட்டுது பெரியம்மா, ஆனா எஸ்.எம்.எஸ்.க்குக் கொஞ்சம் புடிச்சிருக்கு.’ அரை நாள் கூலியை விட்டுவிட்டு, ஆட்டோவுக்கோ பஸ்ஸுக்கோ கொடுத்து, அந்தக் காசை எடுக்க வருவார்கள். ரேஷன் கடை நடந்து போகிற தூரத்தில் இருந்தது. காசு வீடு போய்ச் சேர எல்லையோரச் சாராயக் கடைகளையும் தாண்ட வேண்டும். அரிசி மூட்டைக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

2024 அக்டோபரில் கடைகளைத் திரும்பத் திறந்தார்கள். தீபாவளிக்கு 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை. சந்தோஷம். ஆனால் அத்தனை வருஷமாகப் போன கிலோக்களுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. முட்டைக்குக் கேட்ட அளவுக்குக்கூட இங்கே யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என் சம்பளத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கு அகவிலைப்படி திருத்தப்படுகிறது. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு ஏறினால் சம்பளமும் ஏறும். சங்கம் வைத்து, வேலைநிறுத்தம் செய்து, வாங்கிய உரிமை அது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது ஒரு குடை. மழை எல்லாருக்கும்தான் பெய்கிறது. குடை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். நடவு நடுகிறவளுக்கு, துறைமுகத்தில் காண்ட்ராக்டில் கரி அள்ளுகிறவனுக்கு, மீன் கூடை சுமக்கிறவளுக்கு அகவிலைப்படி என்கிற சொல்லே தெரியாது.

நூறு நாள் வேலைக்குக் குறியீடு இருந்ததே என்பீர்கள். இருந்தது. விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டை வைத்துத்தான் அந்தக் கூலியைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் 2022-23இல் நாளுக்கு 281 ரூபாய், 2025-26இல் 336. ஆனால் அந்தக் குறியீட்டுக்கு 2025 வரைக்கும் அடிப்படை ஆண்டு 1986-87. கூலிக்காரக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்ற கணக்கு 1983இல் எடுத்தது! 1983இல் செல்போன் ரீசார்ஜ் உண்டா? பிள்ளையின் கல்லூரி பஸ் கட்டணம் உண்டா? 2024 ஜூலையில் தனியார் செல்போன் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றியபோது அந்தக் கணக்கில் அது எந்த மூலையில் விழுந்திருக்கும்? நாற்பது வருஷமாக நம்மைக் கஞ்சி குடிக்கிற ஆளாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

சரி, தடை போட்டதால் மலிவான ரஷ்ய எண்ணெய் என்ன ஆனது? போருக்கு முன் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு நூற்றுக்கு இரண்டு அளவில் கிடந்தது. 2023-24இல் மூன்றில் ஒரு பங்கு. தள்ளுபடி விலை. ஆனால் 2022 மே மாதம் நின்ற பெட்ரோல், டீசல் விலை 2024 மார்ச் வரைக்கும் அசையவில்லை. அப்போதும் தேர்தலுக்கு முன்பு 2 ரூபாய்தான் இறங்கியது. அந்த 2023-24இல் இந்தியன் ஆயில், பாரத், இந்துஸ்தான் மூன்று அரசு நிறுவனங்களின் லாபம் சேர்ந்து ஏறத்தாழ 81,000 கோடி. முந்தைய ஆண்டு நட்டத்தை ஈடுகட்டினோம் என்றார்கள். இருக்கட்டும். தனியார் சுத்திகரிப்பு ஆலைகள் டீசலாக்கி அய்ரோப்பாவுக்கே விற்றதில் எந்த நட்டத்தை ஈடுகட்டினார்கள்? எண்ணெய் மலிந்தபோது லாபம் மேலே தங்கிவிட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்று அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருள்களின் வரியை 50 சதமாக்கியபோது மட்டும் அடி கீழே இறங்கியது. நம் இறாலுக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. எண்ணெய் வாங்கிய முதலாளி ஒருவன்; குட்டையில் தீனி போடுகிறவனும் இறால் உரிக்கிறவளும் வேறு.

இது புதுசாகக் கண்டுபிடித்த உண்மை இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1923இல் லண்டனில் வெளியிட்ட ‘ரூபாயின் பிரச்சினை’ இதைப் பற்றியதுதான். அவர் சிலையை எழுப்புகிறோம், அரசமைப்புச் சட்டத்தைக் கையில் கொடுக்கிறோம். அந்தப் புத்தகத்தை விரிப்பதில்லை. ரூபாய்க்கு வெளிநாட்டில் என்ன மதிப்பு என்பதைவிட உள்ளூரில் அதைக் கொண்டு என்ன வாங்க முடிகிறது என்பதே முக்கியம் என்று வாதாடினார். ரூபாய் மதிப்பு இறங்கினால் நாட்டுக்கு லாபம் என்றவர்களுக்கு, ஹில்டன் யங் கமிஷன் முன்பு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: விலை ஏறுகிற வேகத்துக்குக் கூலி ஏறுவதில்லை, அந்த இடைவெளிதான் லாபம், அது நாட்டுக்கு வந்ததில்லை, உழைக்கிற வர்க்கத்திடமிருந்து வியாபார வர்க்கத்துக்குக் கை மாறியது. 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியபோது ஏற்றுமதிக்கு நல்லது என்று டி.வி.யில் பேசியவர்களுக்கும் அதே பதில்தான்.

ஒரு தோழர் கேட்டார்: ‘படியளந்தது பண்ணையார் காலம். காசு கைக்கு வந்ததுதானே நமக்கு விடுதலை? திரும்ப அரிசி கேக்குறது பின்னாடி போறது இல்லையா?’ நியாயமான கேள்வி. ஆண்டையின் மரக்கால் எப்படி அளந்தது என்பது நம் பாட்டன்களுக்குத் தெரியும். காசு அந்த முற்றத்திலிருந்து நம்மை வெளியே கொண்டுவந்தது. ஆனால் கீழவெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968இல் கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்டார்கள். டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். அவர்கள் கேட்டது ஆண்டையின் தயவை இல்லை. நெல் விலை எங்கே போனாலும் வயிற்றுக்குள் போகிற அளவு குறையாத கூலியை.

அதனால் அரிசியா காசா என்று நாம் நமக்குள் அடித்துக்கொள்ள வேண்டாம். விலை ஏறினால் அந்த ஏற்றத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. அரிசியாகக் கொடுத்தால் அரசு சுமக்கிறது. அசையாத காசாகக் கொடுத்தால் நாம் சுமக்கிறோம்.

ஆகவே கேட்போம். ரேஷன் கடையைத் திறந்துவைத்தால் போதாது, மாதா மாதம் அரிசி வர வேண்டும். முதியோர், விதவை உதவித்தொகை முதல் மாணவர் உதவித்தொகை வரை அரசு கொடுக்கும் ஒவ்வொரு காசும் விலைவாசிக்கேற்பத் தானாக ஏற வேண்டும்; தேர்தலுக்குத் தேர்தல் பிச்சையாக வேண்டாம். கூலி வேலைக்கும் அகவிலைப்படி வேண்டும். அதற்கான குறியீட்டில் இன்றைக்கு நாம் வாழ்கிற வாழ்க்கை இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் பத்து வீடு எடுத்துக்கொள்ளுங்கள். அய்ந்து வருஷத்துக்கு முன் வந்த காசு எவ்வளவு, அதில் அப்போது எத்தனை கிலோ வாங்கினார்கள், இப்போது எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ரூபாயில் எழுதாதீர்கள், கிலோவில் எழுதுங்கள். அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள்.