தாய்மார் தேடி வரும் கோயில்

போன தடவை ஈஸே கோயிலின் சூரிய தேவி அமதெராசுவைப் பற்றிச் சொன்னேன். இந்தத் தடவை டோக்கியோவில் உள்ள சுய்தெங்கூ என்ற ஷின்டோ கோயிலுக்குப் போகலாம், வாருங்கள்.

சுகப்பிரசவம் வேண்டி ஜப்பானியப் பெண்கள் வரும் இடம் இது. ஐந்தாம் மாதத்தில் 'நாய் நாள்' பார்த்து வருகிறார்கள். 12 நாளுக்கு ஒரு தரம் வரும் நாள் அது. நாய்க்குப் பிரசவம் சுலபம் என்பது அவர்கள் நம்பிக்கை! கோயிலில் தரும் துணியை வயிற்றில் கட்டிக்கொள்கிறார்கள். நான் போன அன்று கர்ப்பிணிகளும் அவர்களுடைய அம்மாக்களுமாக ஒரே கூட்டம். குட்டியோடு இருக்கும் நாய்ச் சிலையை ஆசையாகத் தொட்டுப் போனார்கள்.

இங்குள்ள தெய்வங்களில் ஒருவன் பாலச் சக்கரவர்த்தி அந்தோக்கு. 1185-இல் தான்னோஊரா கடற்போரில் தோல்வி நிச்சயம் என்றானதும், பாட்டி அவனை அணைத்தபடி கடலில் குதித்துவிட்டாள். அவனுக்கு வயது 6. தாயும் குதித்தாள், எதிரிகள் அவளை மட்டும் கரையேற்றிவிட்டார்கள். பிறகு துறவியானாள். அந்தப் பாட்டியும் தாயும்கூட இங்கே தெய்வங்கள்தாம்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமா பிள்ளை வரம் கேட்பது என்று தோன்றுகிறதா? அந்த வலி தெரிந்தவளுக்குத்தானே நம்ம பயம் புரியும்!

இன்னொன்றும் சொல்லணும். கோயில் துணியோடு நிறுத்திக்கொள்வதில்லை அவர்கள். 1948 முதல் அங்கே வழங்கப்படும் தாய்-சேய் கையேட்டில் ஒவ்வொரு பரிசோதனையையும் தவறாமல் குறித்துக்கொள்கிறார்கள். வேண்டுதலும் வேணும், டாக்டரும் வேணும், சகோதரிகளே!